சின்னவனுக்குக் கேட்ட எண்ணெய்

ஸ்கார்பரோ,
12.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். அங்கே அம்மா, மதினி, பிள்ளைகள் அனைவரின் நலமும் அறிய ஆவல்.

சென்ற வாரம் நீங்கள் போனில் கேட்டதற்கு, அம்மா பக்கத்தில் இருப்பது தெரிந்ததால், "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சின்னவன் கல்லூரியை விட்டு வந்து நான்கு மாதமாக மாடி அறையை விட்டு இறங்காமல் கிடக்கிறான், கனடாவில் கஞ்சா எண்ணெயை டாக்டரே எழுதிக் கொடுக்கிறாராமே, ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு என்றீர்கள். அனுப்ப மாட்டேன் அண்ணா. அதற்கான காரணங்களை அம்மா காதில் விழாமல் சொல்ல வேண்டியிருப்பதால்தான், இத்தனை வருடத்துக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன். படமெடுத்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய் அல்ல. இந்த நாட்டில் 2001 முதல் நோயாளிகளுக்கு மருந்தாகவும், 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்த எல்லோருக்கும் கடைச் சரக்காகவும் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. நான் இருக்கும் தெருமுனையில் ஒரு பக்கம் நம்மவர் மளிகைக்கடை, மறுபக்கம் கஞ்சாக் கடை. வாசலில் அடையாள அட்டையைக் காட்டி 19 வயது முடிந்ததை நிரூபித்தால்தான் உள்ளே விடுவார்கள். டப்பாவின் மேல் எட்டு மூலையுள்ள சிவப்பு முத்திரைக்குள் கஞ்சா இலையும், கீழே மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கையும் இருக்கும். நம் ஊரில் போலீஸ் வண்டியோடு சேர்த்தே சொல்லிப் பழகிய சொல், இங்கே ரசீதில் அச்சாகி வருவதைப் பார்க்க முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. மருந்தாக வேண்டுமென்றால் ஒரு மருத்துவரோ உயர்நிலைச் செவிலியரோ நாளைக்கு இத்தனை கிராம் என்று அனுமதிக் கடிதம் தர வேண்டும். அதை வைத்து உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பதிவு செய்தால் தபாலில் வரும். ஆனால் இந்த நாட்டின் சுகாதாரத் துறை அதை மற்ற மருந்துகளைப் போலப் பரிசோதித்து, இந்த நோய்க்கு இது என்று எண் கொடுத்து அங்கீகரித்த மருந்து அல்ல. "டாக்டர் எழுதித் தருகிறார்" என்ற பேச்சில் இந்த இடம் விட்டுப்போகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது குளிர்காலம் அது. டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். காலையில் வேலை முடிந்து நிலவறை வீட்டில் படுத்து எழுந்தால் மறுபடியும் இருட்டு. வாரக்கணக்கில் வெயிலைப் பார்த்ததே இல்லை. பசி போயிற்று, தூக்கம் போயிற்று, உங்களுக்குப் போன் செய்யும் ஆசையும் போயிற்று. அந்த ஆண்டு நான் பேசவே இல்லை என்று மதினி கோபித்துக்கொண்டாரே, காரணம் இதுதான். கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, வீடியோவில் பத்து நிமிடம் பேசிய ஒரு கிளினிக் மூலம் எண்ணெய் வந்தது. குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் ஊசியில்லாத சிரிஞ்சு போன்ற ஒன்றால் அளந்து, நாக்குக்கு அடியில் விட்டுக்கொள்ள வேண்டும். பச்சிலைச் சாற்றில் எண்ணெய் கலந்தது போன்ற கசப்பு.

முதல் பத்து நாள் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். குணமாகிவிட்டேன் என்றே நம்பினேன். பிறகு அதே அளவு போதவில்லை, ஏற்றினேன். கனவே வரவில்லை. பகலில் தலைக்குள் பஞ்சு அடைத்தது போல இருந்தது. துக்கம் போகவில்லை, துக்கப்படவும் சுரத்து இல்லாமல் போயிற்று. ஒரு நாள் சூடான தட்டுகள் வரும் பட்டையில் கையுறை இல்லாமலே கையை நீட்டிவிட்டேன். இடது உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. "அடுப்பில் சுட்டுக்கொண்டேன்" என்று அம்மாவிடம் சொன்னது அந்தக் காயத்தைத்தான். பயந்து நிறுத்தியபோது ஒரு வாரம் பொட்டுத் தூக்கமில்லை, கண்டவர் மேலெல்லாம் எரிச்சல். வெளியே வர உதவியது குடும்ப மருத்துவர் மனச்சோர்வுக்குக் கொடுத்த சாதாரண எஸ்சிடாலோப்ராம் மாத்திரையும், வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசிய ஆலோசகரும்தான். மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம் ஆயிற்று. கஞ்சாச் செடியிலிருந்தே எடுக்கும் சிபிடி எண்ணெய், ஈரலில் இந்த மாத்திரை கரையும் வழியை அடைத்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும், இரண்டையும் கலக்காதே என்று எச்சரித்தவரும் அந்த மருத்துவரே.

என் ஒருவன் கதையை வைத்து மட்டும் மறுக்கவில்லை. 2019இல் லான்செட் மனநல இதழில், அதுவரை நடந்த 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். கஞ்சாப் பொருள்கள் மனச்சோர்வைக் குறைப்பதற்குத் தகுந்த சான்று கிடைக்கவில்லை. மனச்சோர்வை அளந்த ஆய்வுகளிலும் பெரும்பாலானவர்கள் வேறு நோய்க்காகச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வந்த ஆய்வு, வளரும் வயதில் கஞ்சா பழகியவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. சின்னவனுக்கு இப்போதுதான் 19.

விஞ்ஞானிகள் வெறுங்கையோடு இதில் இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1992இல் இஸ்ரேலில், நம் மூளை தானே சுரக்கும், கஞ்சாவைப் போலச் செயல்படும் பொருளைக் கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற வடசொல்லை வைத்தே ஆனந்தமைட் என்று பெயரிட்டார்கள். அந்தச் சுரப்பு போய் அமரும் இடத்தை அடைத்து உடம்பை இளைக்க வைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து 2006இல் ஐரோப்பாவில் வந்தது. சாப்பிட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்ததால் 2008இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே மனநிலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஒரு கதவை அடைத்தால் கெடுதல் என்பதால், அதை வெளியிலிருந்து தள்ளித் திறந்தால் நன்மை என்று ஆகிவிடாது. வேறு நோய்களில் பயன் இருக்கிறது: கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து ஐயாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றியபோது வாந்தி நிற்க, கஞ்சாவிலுள்ள பொருளைப் போல ஆய்வகத்தில் செய்த நாபிலோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், நன்றாகவே கேட்டது.

இன்னொன்று, நாம் வீட்டில் பேசாத ஒன்று. நம் சித்தப்பா இருபத்திரண்டு வயதில் சித்தம் கலங்கி, குரல் கேட்கிறது என்று ஆற்றங்கரையில் அலைந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். அப்படிப்பட்ட நோய் ரத்த உறவில் இருந்தால் கஞ்சாவே கூடாது, அது அதைக் கிளப்பிவிடும் என்பதில் இங்குள்ள மருத்துவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். அந்த வீடியோ கிளினிக்கில் என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் அதிர்ஷ்டம் சின்னவனுக்கும் இருக்கும் என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சட்டமும் இருக்கிறது. இந்த நாட்டு எல்லையைத் தாண்டிக் கஞ்சா எண்ணெயைக் கொண்டுபோனால் 14 ஆண்டு வரை சிறை. அங்கே வந்து இறங்கினால் கொண்டுவருபவரோடு நீங்களும் வழக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அவனை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், சித்தப்பா விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவன் வர மறுத்தால், 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் பேசலாம். முதலில் நீங்கள் கூப்பிட்டு வழி கேளுங்கள். மாத்திரை கொடுத்தால் முதல் சில வாரம் அவனைத் தனியாக விடாதீர்கள், இள வயதில் அப்போது கவனம் வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தொழுவத்து மேல்தட்டில் வைத்திருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். சனிக்கிழமை உங்கள் நேரம் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் வருகிறேன். போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே போய்விடுங்கள். உள்ளங்கையை அவனிடம் காட்டிப் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி