குத்தி எடுத்த ரத்தம் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான ஹிஜாமா (தோலில் கப் வைத்து உறிஞ்சி, கீறி ரத்தம் எடுக்கும் சிகிச்சை) முகாம் பற்றிய செய்தியைப் படித்தேன். ஏராளமானோர் வந்து பயன்பெற்றதாகவும், அவர்கள் உடலிலிருந்து கெட்ட ரத்தம் வெளியேற்றப்பட்டதாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. கீறியவர் யார், அவருடைய மருத்துவப் பதிவு எண் என்ன, எடுத்த ரத்தமும் பயன்படுத்திய பிளேடுகளும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு ரத்த வங்கியில் 31 ஆண்டுகள் ஆய்வக நுட்பநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு அதுதான் உறுத்தியது.

நான் இந்தச் சிகிச்சைக்கு எதிரி அல்லன். என் பெத்தும்மாவுக்கு (பாட்டிக்கு) முழங்கால் வலி கடுமையாகும்போதெல்லாம் கொம்பு வைக்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வருவார். நுனியில் துளையிட்ட மாட்டுக் கொம்பை வலிக்கும் இடத்தில் பொருத்தி, வாயால் காற்றை உறிஞ்சி, துளையை மெழுகால் அடைப்பார். தோல் மேலெழும்பியதும் கொம்பை எடுத்துவிட்டு மெல்லக் கீறி, மறுபடியும் கொம்பு வைப்பார். கொம்பு போய்க் கைப்பம்பு பொருத்திய பிளாஸ்டிக் கப் வந்திருக்கிறதே தவிர, வேலை அதே வேலைதான். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் கீறல், உறிஞ்சல், அட்டை விடல், குருதி வாங்கல் ஆகியவை தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை ஆகிய மூன்றையும் பண்டைய ஆயுர்வேத மருத்துவர் சுஸ்ருதர் சொல்லியிருக்கிறார். யுனானியில் கீறாமல் கப் வைப்பது ஹிஜாமா பிலா ஷர்த், கீறி ரத்தம் எடுப்பது ஹிஜாமா பில் ஷர்த். முஸ்லிம்களுக்கோ இது நபிவழி. நபியவர்களுக்கு ரத்தம் குத்தி எடுத்த அபூதைபா என்பவருக்கு ஒரு ஸாஉ (பழைய முகத்தலளவை) பேரீச்சம்பழம் கூலியாகக் கொடுக்கப்பட்டதாக ஹதீஸ் (நபிமொழி) உண்டு. (கப்புக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் இன்றைய முகாம்களில், ஐந்து போதுமான முதுகில் பதினைந்து ஏறுவதைப் பார்க்கும்போது அந்தப் பேரீச்சம்பழம் என் நினைவுக்கு வருகிறது.)

இந்தச் சிகிச்சைக்குப் பிறை (இஸ்லாமியச் சந்திர மாதத் தேதி) 17, 19, 21 ஆகிய நாட்கள் சிறந்தவை என்று மக்கள் கருதுவதால், மாதத்தில் இந்த மூன்று நாட்களில்தான் கூட்டம் நெரிகிறது. சென்ற ஆண்டு அப்படி ஒரு நாளில், எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள திருமண மண்டபத்தில் நடந்த முகாமுக்கு என் மச்சானுக்குத் துணையாகப் போயிருந்தேன். பந்தி மேசைகளின் மேல் துணி விரித்து ஆட்களைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு புதிய பிளேடைப் பிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதை மறைக்கக் கூடாது. ஆனால் கப் புதிது அல்ல. ஒருவர் முதுகிலிருந்து எடுத்த கப்பை, கிருமிநாசினி கலந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்த ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, உதறி, அடுத்தவர் முதுகில் வைத்தார்கள். கையுறையும் மாறவில்லை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரஸ், உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தக் கறையில்கூட 7 நாட்கள் வரை தொற்றும் திறனோடு இருக்கக் கூடியது. வாளியில் ஒரு முக்கு முக்கினால் அது சாகாது. மச்சானை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு என்மேல் இன்றும் வருத்தம்தான்.

மறுநாள் காலையில் நடந்ததற்காகத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். மண்டபத்து வாசலில் கிடந்த கறுப்புக் குப்பைப் பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளர் பெண் ஒருவரின் உள்ளங்கையைப் பைக்குள் இருந்து நீட்டிக்கொண்டிருந்த பிளேடு ஒன்று கிழித்துவிட்டது. பை நிறைய ரத்தம் தோய்ந்த டிஷ்யூ காகிதங்கள், அவற்றுக்கு நடுவே பிளேடுகள். "சின்னக் கீறலுதான் பாய், விடுங்க" என்று சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த பையைத் தூக்கப் போனார். வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைக் காயம் பட்ட 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தொடங்கியாக வேண்டும். அந்த ரத்தம் யாருடையது என்று தெரியாததால் மருத்துவர் 28 நாட்களுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும் போடப்பட்டது. குமட்டலோடு ஒரு மாதம் மாத்திரை விழுங்கி, வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியும் இழந்து, ஆறு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்தப் பெண் பட்ட பாட்டை நான் அறிவேன். முடிவு நல்லபடியாக வந்தது. முகாம் நடத்தியவர்களிடம் போய்ச் சொன்னபோது, "நாங்கள் குப்பையைக் கட்டித்தானே வைத்தோம்" என்றார்கள்.

கட்டி வைத்தால் போதாது என்று சட்டம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டுமானவை என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சித்தா, யுனானி போன்ற ஆயுஷ் மருத்துவமனைகளும், மருத்துவ முகாம்களும், ரத்ததான முகாம்களும் அந்த விதிகளில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. ரத்தம் தோய்ந்த பஞ்சும் காகிதமும் மஞ்சள் பையிலும், ரத்தம் பட்ட பிளாஸ்டிக் கப்பும் கையுறையும் சிவப்புப் பையிலும், பிளேடும் ஊசியும் குத்தித் துளைக்க முடியாத வெண்ணிறப் பெட்டியிலும் போய், அங்கீகரிக்கப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. திருமண மண்டபத்தின் எச்சில் இலையோடு அது சேர்வதற்கு எந்த விதியிலும் இடமில்லை. எங்கள் ரத்த வங்கியில் ஒரு துளி சிந்தினால் அதன்மேல் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை ஊற்றிக் காத்திருந்து துடைப்போம். வெளியே ஒரு மண்டபத்தில் அதே மனித ரத்தம் வாளிக் கணக்கில் சாக்கடைக்குப் போகிறது.

"கெட்ட ரத்தம்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பைத் திருப்பி, கல்லீரல் துண்டுபோலக் கறுத்து உறைந்திருப்பதைக் காட்டி, "இவ்வளவு நாளாக இது உங்கள் உடம்பில் இருந்தது" என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். யாருடைய ரத்தத்தையும், எவ்வளவு ஆரோக்கியமானவருடையதாக இருந்தாலும், ஒரு சோதனைக் குழாயில் பத்து நிமிடம் வைத்தால் அப்படித்தான் உறையும். ஆயிரக்கணக்கான குழாய்களில் நாள்தோறும் பார்த்தவன் சொல்கிறேன். தோலுக்கடியில் நல்ல ரத்தம் ஒரு பக்கமும் கெட்ட ரத்தம் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடப்பதில்லை. கழிவைப் பிரித்தெடுக்கச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. கழுத்து வலி, முதுகு வலி ஆகியவற்றில் இச்சிகிச்சைக்குப் பின் ஓரளவு வலி குறைவதாக ஆய்வுகள் சில கூறுகின்றன என்பது உண்மை. அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், முதுகில் கப் வைத்ததா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைத்து ஒப்பிடுவதும் கடினம் என்பதும் உண்மை. இதற்கு அப்பால் சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்தக் கொதிப்பு, பெண்களின் மலட்டுத்தன்மை ஆகியவற்றைக் குணப்படுத்துவதாகத் துண்டறிக்கை அச்சிடுவது, 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டப்படி குற்றம்.

ரத்ததானம் செய்ய வருபவரிடம் நாங்கள் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின். 12.5 கிராமுக்குக் கீழே இருந்தால் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. சோர்வு, தலைசுற்றல் என்று வருகிற அந்தப் பெண்களுக்குத்தான் முகாம்களில் விரல் நுனியில் ஒரு துளிகூடப் பரிசோதிக்காமல் கீறுகிறார்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவரா என்று கேட்பவரும் இல்லை. அந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் கீறிய இடத்தில் ரத்தம் எளிதில் நிற்காது.

இதையெல்லாம் கேட்டுச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்துப் பி.யு.எம்.எஸ். பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட மருத்துவர்கள் வெளியே வருகிறார்கள். ஹிஜாமா அடங்கிய இலாஜ் பித் தத்பீர் என்ற துறையில் மேற்படிப்பே உண்டு. அவர்களை விட்டுவிட்டுச் சில நாள் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியவரிடம் முதுகைக் காட்டுவதை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்துவோருக்கு, அதே மார்க்கத்தின் ஹதீஸ் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன்: மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், அதனால் நேரும் இழப்புக்கு அவரே பொறுப்பாளி என்று அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. ஜுமுஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) மேடைகளில் ஹிஜாமாவின் சிறப்பைப் பேசும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இதையும் சேர்த்துப் பேசினால் நன்றாயிருக்கும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு என் கோரிக்கை புதிய சட்டம் அல்ல. மண்டபத்தில் ரத்ததான முகாம் நடத்த என்னென்ன கேட்கிறார்களோ, அவற்றை ஹிஜாமா முகாமுக்கும் கேட்கட்டும்: பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், ஆளுக்கொரு புதிய கப், கழிவு எடுக்கும் நிறுவனத்தின் ரசீது. தங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த பிறை 17 அன்று முகாம் நடத்துவோர் படத்தோடு செய்தி கொண்டுவந்து கொடுக்கும்போது, மருத்துவரின் பதிவு எண்ணையும் அந்த ரசீதையும் கேட்டு வாங்கிய பிறகு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி ஆய்வக நுட்பநர்,
திருநெல்வேலி மாவட்டம்.