ஆற்றைச் சோதித்துவிட்டு ஆற்றிலேயே ஊற்றுகிறோம்

சேலம் மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்லூரியில் 28 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பாடம் நடத்தும் தகுதி எனக்கில்லை. குடுவை கழுவிய தகுதி உண்டு.

ஆய்வு மாணவர்கள் திருமணிமுத்தாற்றில் தண்ணீர் பிடித்து வருவார்கள். சேர்வராயன் மலையில் பிறந்த ஆறு ஊருக்குள் வந்து என்ன கதியாகிறது என்று அளந்து சொல்வதற்காக. தண்ணீரில் உள்ள கழிவை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பது சி.ஓ.டி. சோதனை. அதில் 20 மில்லி தண்ணீருக்கு 0.4 கிராம் மெர்க்குரிக் சல்பேட் என்ற பாதரச உப்பு சேரும். குளோரைடு குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்காமலிருக்க. டைகுரோமேட்டும் அமிலமும் விட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். சொட்டுச் சொட்டாக இன்னொரு கரைசல் விட்டு அளக்கும் டைட்ரேஷனில் நீலப்பச்சை சட்டென்று செம்பழுப்பாகும். பையன் பியூரெட் என்ற அளவுக் குழாயைக் குனிந்து பார்த்து நோட்டில் எழுதுவான். அடுத்த நொடி குடுவை கழுவும் தொட்டியில் கவிழும். அந்த 0.4 கிராமில் கால் கிராமுக்கு மேல் பாதரசம். எங்கள் தொட்டித் தண்ணீர் சாக்கடை வழியாகப் போய்ச் சேர்ந்தது அதே திருமணிமுத்தாற்றில்தான். ஆற்றுச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் மெர்க்குரி என்ற, உடலில் எளிதில் சேரும் நச்சுப் பாதரசமாக்கும். அங்கிருந்து மீனுக்கு ஏறும்.

நானும் எத்தனையோ முறை கவிழ்த்திருக்கிறேன். தரையில் வெள்ளியாய் உருண்டால் பதறுகிற நமக்கு, புட்டியில் வெள்ளைப் பொடியாக இருப்பது பாதரசம் என்றே உறைப்பதில்லை.

உருளுகிற பாதரசமும் லேசுப்பட்டதல்ல. தெர்மாமீட்டர் உடைந்தால் அபராதம் கட்ட வேண்டும் என்பதால் மாணவர்கள் சொல்லவே மாட்டார்கள். காலால் மேசைக்கடியில் தள்ளிவிடுவார்கள். மறுநாள் கூட்ட வரும் அம்மா துடைப்பத்தால் அதை நூறு உருண்டையாக்குவார். மே மாதம் பூட்டிக் கிடக்கும் அறையில், கல் இடுக்கில் அது ஆவியாகிக்கொண்டிருக்கும். 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் பாதரசத்தின் ஆவியழுத்தம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. சேலத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

நான் கேட்பது பெரிய செலவல்ல. சி.ஓ.டி. கழிவுக்கென்று மூடியுள்ள தனி பிளாஸ்டிக் கேன் வையுங்கள். நிறைந்ததும் அபாயகரமான கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். முடிந்தால் மூடிய குழாயில் 2.5 மில்லி மாதிரியோடு செய்யும் முறைக்கு மாறுங்கள். பாதரசம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கும் 'வாட்டர் பாத்' வேலைக்குச் சாராயத் தெர்மாமீட்டரே போதும். உருகுநிலை பார்க்க அது தாங்காது, அதற்கு டிஜிட்டல் வாங்குங்கள். பாதரசத் தெர்மாமீட்டருக்கு மட்டுமாவது அபராதத்தை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் உடைந்ததை உடனே சொல்வார்கள்.

ஜூனில் வகுப்பு தொடங்குவதற்குள் கேன் வாங்கி வைத்தால், லேபிள் எழுதி ஒட்ட நானே வருகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.