சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரில் பழைய வீடுகள் சாப்பாட்டுக்கடைகளாக மாறிவருகின்றன. அதை வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து அழிந்த வீடுகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். கடை வந்தால் கூரையாவது தப்பும். கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் ஆசுபத்திரியை 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். முற்றமும் தடித்த சுவர்களும் இன்றும் நிற்கின்றன. நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவன் என்ற உரிமையில் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தச் சுவர்களுக்குச் சீமெந்து பூசாதீர்கள்.

கடற்கரைப் பக்கம், நடுவில் திறந்த முற்றம் வைத்த ஒரு நாற்சார் வீடு. அதைக் கட்டிய மேசன்மாரில் என் அப்பப்பாவும் ஒருவர். அப்பா வருடா வருடம் வெள்ளையடிக்கப் போகும்போது நான் சுண்ணாம்பு வாளி தூக்குவேன். போன மாதம் பேரப்பிள்ளைகளோடு அங்கே சாப்பிடப் போனேன். சாப்பாடு நல்லது, முற்றத்தையும் மூடாமல் விட்டிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் சுவர் முழுக்கச் சீமெந்து, அதற்கு மேல் மினுங்கும் பெயின்ட். என் கதிரைக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கீறினேன். உப்பும் மணலும் மாவாகக் கொட்டின.

அது முருகைக்கல், அதாவது கடலில் எடுத்த பவளப்பாறைக் கல், வைத்துக் கட்டிய சுவர். நிலத்து ஈரத்தையும் உப்பையும் இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சீமெந்து விடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்துக் கல்லைத் தின்னும். முருகைக்கல் எடுப்பது இன்று சட்டப்படி தடை. போன கல்லுக்கு வேறு கல் கிடைக்காது.

அப்புறம் அந்தப் பெயர்ப்பலகை. ‘ஒல்லாந்தர் மாளிகை’ என்று போட்டிருக்கிறார்கள். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தது 1795இல். இது அதற்கு எவ்வளவோ காலம் பிந்தி ஒரு கருவாட்டு வியாபாரி கட்டிய வீடு. சாக்கு அடுக்கி அடுக்கி வழவழப்பாகிப்போன திண்ணை ஒன்று வாசலில் இருந்தது. மோட்டார் சைக்கிள் நிறுத்த அதையும் இடித்துவிட்டார்கள். கருவாட்டு வியாபாரியின் வீடு என்று எழுதினால் என்ன குறை? இந்த ஊர் துறைமுகத்தாலும் மீனாலும் வாழ்ந்த ஊர்தானே.

நம் கோட்டை வாசலில் இரட்டை மீனோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 1622இல் பறங்கியர் (போர்த்துக்கேயர்) கோணேசர் கோவிலை இடித்த பிறகும் மிஞ்சி நிற்கும் எழுத்து அது. யாராவது அதன் மேல் சாந்து அப்பியிருந்தால் இன்று நாம் எதை வாசிப்போம்?

பழைய வீட்டைக் கடையாக்குகிறவர்கள் கைவைக்கும் முன் அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள், அயலில் உள்ள வயதானவர்களிடம் வீட்டின் கதையைக் கேளுங்கள். சுண்ணாம்பு நீற்றிச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன்மார் இன்னும் சிலர் இருக்கிறோம். வேலை பழகும் பையன்களை அனுப்பினால் நான் காட்டித்தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேசன் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.