கருப்பட்டிக்காக அன்றிரவு தூங்காமல் இருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் முயல் கருப்பட்டி பிழைத்துவிட்டான். இன்றோடு 16 நாள் ஆகிறது. மேசைக்கடியில் உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருக்கிறான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நேரில் பார்த்தபோது உங்கள் யாரிடமும் சரியாக நன்றி சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தாலே அழுகை வந்தது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் மாடி வீட்டு அக்காவுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தேன். அந்தச் சரசரப்பு கேட்டாலே ஓடிவந்து காலைச் சுற்றுகிறவன் அன்று வரவில்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண் பாதி மூடியபடி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தால் காலையிலிருந்து ஒரு புழுக்கைகூட இல்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடுகிற பிராணி அது. பக்கத்தில் இருந்த இரண்டு கிளினிக்குகளுக்கு போன் செய்தேன். "நாய், பூனைக்குத்தான் பார்ப்போம், முயலை நாளைக்கு வேறு எங்காவது காட்டுங்கள்" என்றார்கள். படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னை அக்கா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கும் தன் அண்ணன் மகளுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மா அதற்குள் ஓமத்தண்ணீர் கலக்கிவிட்டாள். குழந்தைக்கு வயிறு உப்பினால் நம் வீடுகளில் செய்வதுதானே. "ஆன்ட்டி, ஒரு சொட்டுகூட வாயில் ஊற்றாதீங்க" என்று அவள் போனிலேயே கத்தினாள். வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். முரசு மாதிரி விறைத்திருக்கிறதா, மாவு மாதிரி அமுங்குகிறதா? காது சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே அடைப்பு இருக்கும்போது நாம் ஊற்றுவது போக வழியில்லாமல் இரைப்பையை உப்பவைக்கும், அடைப்பு இல்லை என்று தெரிகிறவரை எதுவும் கொடுக்கக் கூடாது என்று எனக்குப் புரியும்படி சொன்னாள். காது சில்லென்றுதான் இருந்தது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். முயல் பார்க்கிற டாக்டர் அண்ணா நகரில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, அவரிடம் பேசி, கிளினிக்கை மூடாமல் வைத்திருக்கச் சொன்னதும் அவள்தான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மெடிக்கல் கடைத் தம்பிக்கும் ஒரு நன்றி. கிளம்புவதற்கு முன் நான் ஓடிவந்து அமாக்சிசிலின் சிரப் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? என் மகனுக்கு வயிறு சரியில்லாதபோது ஒருமுறை கொடுத்தது. "சீட்டு இல்லாமல் தரமாட்டேன்க்கா" என்றீர்கள். நான் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து வாய்வழியாகப் போயிருந்தால் முயலின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமிகள் செத்து, அதுவே உயிரை எடுத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். முயலைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம். உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தீர்கள், அவன் பிழைத்தான்.

டாக்டர் அம்மா, நீங்கள் முதலில் பார்த்தது உடம்புச் சூடு. 98.6 டிகிரி. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். "இது நமக்குத்தான் சரியான சூடு, முயலுக்கு 101க்கு மேலே இருக்கணும்" என்றீர்கள். அப்போதுதான் எவ்வளவு ஆபத்து என்று எனக்கு உறைத்தது. எக்ஸ்ரே எடுத்தீர்கள். குடல் முழுக்கக் காற்று, ஆனால் அடைப்பு இல்லை. வலிக்கு மெலாக்சிகாம் ஊசி போட்டு, பிடரித் தோலுக்கடியில் மெதுவாக, இளஞ்சூடான சலைன் ஏற்றினீர்கள். கடைவாய்ப் பல்லில் முள் மாதிரி ஏதும் வளர்ந்து குத்துகிறதா என்றுகூட டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். இது தனி நோய் இல்லை, வலியோ பயமோ வெயிலோ எது வந்தாலும் முயல் சாப்பாட்டை நிறுத்தும், சாப்பாடு நின்றால் குடல் நிற்கும், குடல் நின்றால் காற்று சேர்ந்து இன்னும் வலிக்கும் என்று விளக்கினீர்கள். அப்புறம் என்ன சாப்பாடு என்று கேட்டீர்கள். காய்ந்த புல் தீர்ந்து 9 நாளாகிறது, கடையில் விற்கும் பெல்லட் தீவனமும் கேரட்டும்தான் போட்டேன், முந்தின நாள் வந்த குழந்தைகள் பிஸ்கட்டும் கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டேன். நீங்கள் திட்டவில்லை. "இனிமேல் புல் தீரக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னீர்கள். அதை மறக்கமாட்டேன்.

அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பாடு. அவனுடைய 1.8 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 90 மில்லி கூழ், 6 வேளையாக. முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில், கடைவாய் ஓரமாக சிரிஞ்சை வைத்து ஒரு மில்லி, விழுங்கும்வரை காத்திருந்து இன்னொரு மில்லி. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

அம்மா, உனக்கு. மூன்று வருஷமாக அவனை நீ தொட்டதே இல்லை. "வீட்டுக்குள் எதற்கு முயல்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் நீ. அன்றிரவு தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் நேரம், எத்தனை மில்லி, சூடு என்று எழுதிக்கொண்டு தரையில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். விடியற்காலை 5 மணி 10 நிமிஷத்துக்கு நீ போட்ட சத்தத்தில் நான் பதறி எழுந்தேன். "போட்டுட்டான்! போட்டுட்டான்!" மிளகளவுக்கு, கறுப்பாக, காய்ந்துபோன புழுக்கைகள். கைவிளக்கை வைத்துக்கொண்டு நீ எண்ணினாய். ஏழு. அந்தத் தாளில் '7' என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாய். அதை என் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டி, அடுத்தது நீங்கள். காலையில் அருகம்புல் கேட்டு வந்தேன். மாலை கட்டுகிறதற்கு என்று நினைத்துக் கழுவாத கட்டைக் கொடுத்தீர்கள். முயலுக்கு என்றதும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஈரமாகச் சூடேறிக் கிடந்த புல்லையெல்லாம் தள்ளிவிட்டு, புதிதாக வந்ததில் பொறுக்கி எடுத்துக் கொடுத்தீர்கள். அவன் தானாக வாயில் இழுத்துக்கொண்ட முதல் இலை அதுதான். ஒரே ஒரு இழை. அதை மென்று முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது, நாங்கள் நாலு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நாளாகக் காசு வாங்காமல் ஒரு கட்டு எடுத்துவைக்கிறீர்கள். இனி தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவரை எப்படித் தேடுவதென்று தெரியவில்லை. எட்டரை மணிக்குப் பெரம்பூர் மார்க்கெட் பக்கம் நான் கைகாட்டிய ஆட்டோ அண்ணன். கூடையில் முயலைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார். ஓட்டேரியில் ரோடு தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். கிளினிக் வாசலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து திரும்பவும் வீட்டில் கொண்டுவந்து விட்டார். திரும்பி வந்ததற்கும் காத்திருந்ததற்கும் பணம் எடுத்தேன். "முதல்ல அதைக் கவனிம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நம்பர் பார்க்கத் தோன்றவில்லை. அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால், உங்கள் வீட்டில் யாராவது படித்துச் சொன்னால், ஒருமுறை வந்து போங்கள். உங்கள் காசு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவனையும் பார்த்துவிட்டுப் போகலாம், நன்றாகச் சாப்பிடுகிறான்.