றெயில்ஸை விட்டதுக்கு ஏசாத மச்சான்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், உங்க குளிர் விட்டிட்டுதோ? இஞ்ச சோளகம் தொடங்கி ரெண்டு கிழமை, வீடு முழுக்கப் புழுதி, லப்டொப் கீபோர்ட்டுக்குள்ளயும் மண். அம்மா சுகம், உன்னைக் கேட்டவா.

உன்ர வொய்ஸ் மெசேஜ் கேட்டனான். ஆறு நிமிசம் மூச்சு விடாமல் ஏசியிருக்கிறாய், ஏதோ நான் மதம் மாறின மாதிரி. ரியூட்டரியில பிள்ளையள்ர விபரமும் காசும் பதியிற சிஸ்டத்தை, ரூபி மொழியில வெப் புரோகிராம் கட்ட உதவுற ரூபி ஒன் றெயில்ஸில இருந்து, பைதன் மொழியில அதே வேலை செய்யிற ஜாங்கோவுக்கு மாத்தினது உண்மைதான், ஆனா நடந்ததைக் கேட்டிட்டுப் பேந்து ஏசு.

எனக்கு இப்பவும் றெயில்ஸ்தான் விருப்பம், ரூபி எழுதேக்க கை தானா ஓடும். மொடலுக்கு, அதுதான் டேட்டாபேஸ் டேபிளோட பேசுற கோட்டுக்கு, இங்கிலிஷ் எழுத்தில வகுப்பு எண்டு பெயர் வைச்சன், றெயில்ஸ் தன்ர பழக்கத்தில பன்மையாக்கி "வகுப்புஸ்" எண்டு டேபிள் கட்டி வைச்சிருக்கு! பேர்சனைப் பீப்பிள் ஆக்கத் தெரிஞ்சதுக்குத் தமிழ் எங்க தெரியும். அது சின்ன விசயம், சொல்லிக் குடுத்தாக் கேக்கும். எனக்குத் தலையிடி கந்தோரில காசு வாங்கிற அக்காதான். "தம்பி, இந்தப் பிள்ளை தை மாசக் காசைப் பங்குனியில கட்டியிருக்கு, மாத்த ஏலுமோ?" எண்டு நாளுக்கு நாலு போன், ஒவ்வொண்டுக்கும் றெயில்ஸில நான் இருந்து ஒரு ஸ்கிரீன் செய்யவேணும். ஜாங்கோவில விபரங்களைப் பாத்து மாத்துற ஸ்கிரீனெல்லாம் அட்மின் எண்டு கூடவே வருது, மொடலை அதில ரெஜிஸ்டர் பண்ண ஒரு வரி, தேடுற பெட்டிக்கு இன்னொரு வரி, ஆர் எப்ப எதை மாத்தினது எண்டதையும் அதுவே எழுதி வைக்குது. காசு விசயத்தில அது எவ்வளவு நிம்மதி தெரியுமோ.

ஜாங்கோ பிறந்ததே அமெரிக்காவில கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் எண்ட ஊரில, ஒரு பேப்பர் கந்தோருக்குள்ள, 2005ல வெளியில விட்டவை. கோட் தெரியாத பேப்பர்காரர் தாங்களே செய்தி ஏத்தவேணும், அதுக்குத்தான் அந்த அட்மின். உன்ர றெயில்ஸ் 2004ல, பேஸ்கேம்ப் எண்ட வேலைத்திட்டம் பாக்கிற மென்பொருளைச் செய்யேக்க அதுக்குள்ளயிருந்து உருவி எடுத்தது, அது புரோகிராமர்ர சந்தோசத்தைப் பாக்கும், அக்காவைப் பாக்காது. றெயில்ஸுக்கும் அட்மின் குடுக்க மேலதிகமாப் பூட்டுற அக்டிவ் அட்மின் ஜெம் இருக்கே எண்டு கத்துவாய். இருக்கு, போட்டும் பாத்தனான், ஆனா ஒவ்வொருக்கா றெயில்ஸ் வேர்ஷன் ஏத்தேக்கயும் அதுவும் கூட வருமோ எண்டு பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது.

இன்னொண்டு, றெயில்ஸில மொடல் ஃபைலைத் திறந்தா டேபிளில என்ன கொலம் கிடக்கெண்டே தெரியாது, ஸ்கீமா எண்ட வேற ஃபைலில போய்ப் பாக்கவேணும். ஜாங்கோவில எல்லாம் அங்கயே எழுதிக் கிடக்கு, அதைப் பாத்து, டேபிளை மாத்துற மைக்ரேஷனைத் தானே எழுதுது. அதோட ஏ-லெவல் ஐசிடியில பைதன் படிச்ச பெடியள் இஞ்ச இருக்கினம், நாளைக்கு நான் இல்லாட்டி ரூபிக்கு ஆரைத் தேடுறது?

சரி, நீ சிரிக்க ஒண்டு சொல்லுறன். அட்மின்னில ஒரு பக்கத்துக்கு 100 பிள்ளையள் காட்டும், பக்கத்தில ஆசிரியர்ர பெயரும் வரட்டும் எண்டு ஒரு ஃபங்ஷன் எழுதிப்போட்டன், வரிக்கு வரி போய் வகுப்பை ஒருக்கா, ஆசிரியரை ஒருக்கா எண்டு டேட்டாபேஸைக் கேட்டு 200 குவெரிக்கு மேல. அக்கா தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்தும் பக்கம் திறக்கேல்ல. றெயில்ஸில எல்லாத்தையும் சேத்துக் கேக்கிற இன்குளூட்ஸ் போட மறந்து நீ வாங்கிக் கட்டினது ஞாபகமோ, அதே பிழைதான், இஞ்ச லிஸ்ட் செலக்ட் றிலேற்றட் எண்டு ஒரு வரி போடச் சரிவந்திட்டுது.

திருத்தி முடிச்சு வடிவா நிமிந்து பாத்தா, அட்மின் மெனுவில கொட்டையா "வகுப்புஸ்". ஜாங்கோவும் அங்க ஒரு எஸ் ஒட்டித்தான் காட்டும், பன்மையை நாங்கள்தான் எழுதிக் குடுக்கவேணும். அக்கா இப்ப போனிலயும் "தம்பி, வகுப்புஸைத் திறந்தனான்" எண்டுதான் சொல்லுறா, அதால மாத்தாமலே விட்டிட்டன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறாயெண்டா லப்டொப்பையும் கொண்டு வா, ரசீது பிரிண்ட் பண்ணுற பகுதி இன்னும் முடியேல்ல.

உன்ர,
கொக்குவிலான்