'வாங்க' என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

பள்ளத்தூர்

அன்புள்ள அண்ணன், தங்கை, ஆச்சி, சிங்கப்பூர்த் தம்பி உங்கள் நால்வருக்கும் வணக்கம்.

எங்கள் ஐயா ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை நடத்தியபோது எழுதிய பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருந்தேன். மொத்தம் 1,840 படங்கள். ஏடுகளை ராமபாணப் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. படங்களின் ஒரு பிரதி வெளியூர்ச் சர்வரில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதற்காக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தேன். தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்.எஸ்.எச் வழியாக உள்ளே போனால் எந்தக் குறையும் இல்லை. கோப்புகளை அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி வழியாகப் படம் அனுப்பினால் மட்டும், வந்த செய்தி மிக நீளம், 3769546208 என்று சொல்லித் தொடர்பு அறுந்துவிடும். அதற்குக் கீழே, ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எதையும் அச்சிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு வரியும் வந்தது. நான் எதையும் அச்சிடவில்லையே என்று அதைக் கடந்து போய்விட்டேன். நான்கு நாள் இணைய இணைப்பையும் சர்வரையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டேன்.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு முதல் நன்றி. கடையில் கூட்டம் நிற்கும்போதும் போனை வைக்காமல், "ஒன்றுமே செய்யாத ஒரு கட்டளை இருக்கிறது, ட்ரூ என்று பெயர். அதை எஸ்.எஸ்.எச் வழியாகச் சர்வரில் ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் பிடியுங்கள். கோப்பு 0 பைட் இருக்க வேண்டும்" என்றீர்கள். பார்த்தால் 16 பைட். திறந்தால் உள்ளே 'வாங்க' என்று இருந்தது.

அது நான் எழுதியதுதான். சர்வருக்குள் நுழையும்போது நம் ஊர் வழக்கப்படி 'வாங்க' என்று திரையில் வரட்டும் என்று, பாஷ் என்ற ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் தலையிலேயே, கொடுத்த சொல்லை அப்படியே அச்சிடும் ஓர் எக்கோ வரி சேர்த்திருந்தேன். சேர்த்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் மறந்தே போயிருந்தது.

பொறியியல் படிக்கும் தங்கை, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீ காட்டியதை நான் மறக்க மாட்டேன். எஸ்.எஃப்.டி.பி-யில் வரும் முதல் நான்கு பைட்டுகள்தான் பின்னால் வரும் செய்தியின் நீளத்தைச் சொல்லும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'வ' என்பது 224, 174, 181. அடுத்து வரும் துணைக்காலின் முதல் பைட் மறுபடி 224. இந்த நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்தால் 3769546208, அதாவது 376 கோடிக்கும் மேல். அத்தனை பைட் நீளச் செய்தியா என்று நிரல் பயந்து நின்றுவிட்டது. 'வணக்கம்' என்று எழுதியிருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும் என்று நீ கணக்குப் போட்டுக் காட்டினாய். நான் எழுதிய சொல்லே அந்த எண்ணுக்குள் இருந்தது என்பதை நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது.

காரணம் புரிய வைத்ததும் அண்ணன்தான். "ஆள் வந்தால் முகப்பில் நின்று வாங்க என்று சொல்லலாம். பின்தெரு வாசலில் மூட்டை இறக்கும்போது அதைச் சொன்னால், அந்தச் சொல்லும் மூட்டையோடு சேர்ந்து உள்ளே போய்விடும்." படம் அனுப்பும்போதும் பாஷ்ஆர்சி ஓடி, 'வாங்க' அந்த வழியில் கலந்துவிட்டது. தெருவுக்குத் தெரு நீண்ட வீட்டில் வளர்ந்த எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. உபுண்டு தரும் பாஷ்ஆர்சியின் தொடக்கத்திலேயே, இது ஆள் உட்கார்ந்து பேசும் ஷெல்தானா என்று பார்த்து, இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடும் சில வரிகள் இருக்கின்றன. என் எக்கோ வரி அவற்றுக்கு மேலே இருந்தது. கீழே இறக்கினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் ப்ராம்ட் என்ற குறிக்குக் கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சிவப்பு கொடுத்திருந்தேன். நீளமான கட்டளை அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேல் ஏறும். நிறக் குறியீடுகளைப் பின்சாய்கோடு சேர்த்த சதுர அடைப்புக்குள் வைத்தால்தான் பாஷ் அவற்றை அகலக் கணக்கில் சேர்க்காது என்று தங்கைதான் அதையும் திருத்தினாள்.

பக்கத்து வீட்டு ஆச்சி, மின்சாரம் போன இரண்டு இரவும் உங்கள் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுக்க விட்டீர்கள். வெள்ளைப் பணியாரமும் கொடுத்தனுப்பினீர்கள். சிங்கப்பூர்த் தம்பி, உனக்கு அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. ஆனாலும் படங்களை உன் பக்கம் இறக்கி, எண்ணிக்கை 1,840 சரி என்று சொன்ன பிறகுதான் படுக்கப் போனாய்.

நேற்று அப்பத்தா மடிக்கணினியில் ஐயாவின் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வாங்க' வரியை நான் அழிக்கவில்லை. சர்வருக்குள் நீங்கள் யார் நுழைந்தாலும் அது வரும்.

நன்றியுடன்,
உங்கள் பள்ளத்தூர்க்காரன்