டொன்காஸ்டரில் ஒரு கடை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குச் சீனி இப்போது பரவாயில்லை. நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறோம். போனில் கதைக்கக் கூடியதை ஏன் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் எடுத்தால் நீ “பிஸி அப்பா” என்பாய், நானும் “சரி தம்பி” என்று வைத்துவிடுவேன். ஆறு கிழமையாக அதுவும் இல்லை. சின்னவளின் குரலையாவது அம்மாவுக்குக் கேட்கப் பண்ணியிருக்கலாம்.

சரி, ஒரு புதினம் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் வயது போனவர்களுக்குத் தேத்தண்ணி தந்து கதைக்க விடுகிறார்கள். போன கிழமை அதை நடத்துகிற பிள்ளை, பழைய பிரிட்டிஷ் பகிடித் தொடர்களில் எது திரும்பி வந்தால் பார்ப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் உடனே “டாட்ஸ் ஆர்மி” என்றார். யுத்த காலத்து ஊர்க்காவல் படையைப் பற்றிய பகிடி அது, அவருக்குச் சின்ன வயது ஞாபகம். ஆனால் அந்தப் படையில் இளையவராக நடித்த இயன் லாவெண்டரும் 2024 இல் போய்விட்டார். இனி யாரைக் கூட்டி வருவது? இன்னொரு அம்மா “ஃபோல்ட்டி டவர்ஸ்” என்றார். 1975 இல் ஆறு, 1979 இல் ஆறு, மொத்தமே 12 பாகம். எழுதின இரண்டு பேரும் அதோடு நிறுத்தினார்கள். அதில் கை வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். “மைண்ட் யுவர் லாங்குவேஜ்” என்று ஒருவர் சொன்னபோது என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இங்கிலிஷ் படிக்க வந்த வெளிநாட்டவரின் இரவு வகுப்பைப் பற்றிய தொடர் அது. அதில் சீக்கியராக வருகிற அல்பர்ட் மோசஸ் எங்கள் நாட்டவர், கம்பளையில் பிறந்தவர் என்று சொன்னேன். ஆனால் அது திரும்பி வர வேண்டாம் என்றும் சொன்னேன். 1984 இல் வந்த புதிதில் நானும் இரவு வகுப்பில் இருந்து இங்கிலிஷ் படித்தவன். வீடு எரிந்து வந்தவர்கள் அந்த வகுப்பில் இருந்தோம். நாங்கள் பிழையாகப் பேசினதில் எனக்கு ஒரு பகிடியும் தெரியவில்லை.

“ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்ஸஸ்” என்று நாலைந்து பேர் சொன்னார்கள். உனக்கு நினைவிருக்கும். 1996 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. நான் கடையை நேரத்தோடு பூட்டினது அந்த ஒரு நாள்தான். நீ என் மடியில் இருந்தாய், எட்டு வயது. அம்மா முறுக்குத் தட்டோடு நின்றபடியே பார்த்தாள். தெருவில் சாமான் விற்கிற டெல்லும் அவர் தம்பியும் கராஜில் வருடக்கணக்காகப் போட்டு வைத்த பழைய மணிக்கூடு ஏலத்தில் 62 இலட்சம் பவுணுக்குப் போனபோது நீ துள்ளினதில் முறுக்கெல்லாம் கொட்டுப்பட்டது. அன்றைக்கு 2 கோடி 43 இலட்சம் பேர் பார்த்தார்களாம். எழுதின ஜோன் சல்லிவன் 2011 இல் போய்விட்டார், அதனால் அதுவும் வேண்டாம்.

ஆனால் அதே தொடரில் 2001 நத்தாருக்கு வந்ததை நீ பார்த்தாயோ தெரியாது. அப்போது நீ என்னோடு இருந்து பார்க்கிறதை விட்டுவிட்டாய். டெல் பங்குச் சந்தையில் காசு முழுவதையும் இழந்து, திரும்பவும் லண்டன் பெக்கமில் பழைய மாடி வீட்டுக்கே வருகிறார். கோடீஸ்வரனாக இருந்த மனிதன். அவர் தம்பியும் கூட வருகிறான், யாரும் யாரையும் தள்ளி வைக்கவில்லை. காசு போகும், வேலை போகும், வீட்டுக்குத் திரும்பி வருவதில் ஒரு குறையும் இல்லை. இதை நான் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. காலையில் வெறும் கோப்பியோடு இருக்காதே.

போன புதன்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மருமகளோடு கதைக்கலாம் என்று உங்கள் வீட்டுப் போனுக்கு அடித்தேன். யாரோ எடுத்து “ஹலோ” என்றார்கள். நான் “தம்பி” என்றவுடன் வைத்துவிட்டார்கள். லைன் கட்டாகியிருக்கும். உனக்குத் தடிமனாக இருந்து வீட்டில் நின்றிருக்கலாம். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் முறை வந்தபோது “ஓப்பன் ஆல் அவர்ஸ்” என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். முடியவில்லை, “எனக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று உனக்குத்தான் எழுத வேண்டும்.

1985 இல் அதன் கடைசித் தொடர் போனபோது ஈஸ்ட்ஹாமில் ஒரு அறையில் ஆறு பேர் இருந்து பார்த்தோம். கடைக்கார ஆர்க்ரைட்டாக ரோனி பார்க்கர், எடுபிடி மருமகன் கிரான்விலாக டேவிட் ஜேசன். டெல்லாக வந்த அதே டேவிட் ஜேசன்தான். கை வைத்தால் கடிக்கிற அந்தக் காசு லாச்சியும், விடிய முதல் திறந்து இரவில் பூட்டுகிற கடையும் எனக்கு நல்லாகப் பிடித்தன. இந்த நாட்டில் பிழைக்கிறதுக்கு இது ஒரு வழி என்று அதைப் பார்த்துத்தான் மனதில் விழுந்தது. பிறகு நாங்கள் கடை எடுத்தோம். மறு ஒளிபரப்பு போகும்போதெல்லாம் நான் சிரிப்பேன், நீ மேலே உன் அறைக்குப் போய்விடுவாய். சின்னப் பெடியனுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். உனக்குத்தான் விளங்கியிருக்கிறது.

“கிரான்வில், துணி எடுத்துக்கொண்டு வா” என்று ஆர்க்ரைட் சொல்லுவார். “தம்பி, துணி எடுத்துக்கொண்டு வா” என்று நானும் சொன்னேன், உனக்குப் பன்னிரண்டு வயதில் இருந்து. பதினாறு வயதில் வற் வரிக் கணக்கு முழுவதையும் நீதான் பார்த்தாய், ஒரு பென்ஸ் பிழைத்ததில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதைச் சொல்லுவேன். உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

2013 இல் நத்தாருக்கு மறுநாள் அது “ஸ்டில் ஓப்பன் ஆல் அவர்ஸ்” என்று திரும்பி வந்தது. ரோனி பார்க்கர் 2005 இல் போய்விட்டதால் அவர் படம் மட்டும் கடையில் தொங்குகிறது. அதே கடை, அதே லாச்சி. உள்ளே கிரான்வில் நிற்கிறான், கிழவனாக. உலகத்தைப் பார்க்க வேண்டும், நல்ல பெண் கிடைக்க வேண்டும் என்று சைக்கிளில் சாமான் கொண்டு போனபடி கனவு கண்ட பெடியன், ஒரு இடமும் போகாமல் அங்கேயே நிற்கிறான். அம்மா சிரித்தாள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அந்தத் தையில்தான் கடையை விற்கக் கொடுத்தேன். முழங்கால் நோ என்று உங்களுக்குச் சொன்னது முழு உண்மை இல்லை.

தம்பி, எடின்பரோவில் இடம் கிடைத்த கடிதத்தை நீ என் கையில் தந்தபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. “சனி ஞாயிறு கடையை யார் பார்க்கிறது” என்று மட்டும் கேட்டுவிட்டு அதை லாச்சிக்குள், காசுத் தட்டுக்குக் கீழே வைத்தேன். மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள், லண்டனிலேயே படிக்கிறேன் அப்பா என்று நீயே வந்து சொன்னாய். உனக்கே விருப்பம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். கடையைக் கொடுக்கும்போது லாச்சியைத் துடைக்கையில் அந்தக் கடிதம் கிடைத்தது. இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. உன்னிடம் தர வேண்டும் என்று பல தடவை நினைத்தும் தரவில்லை. நான் பேசாமல் இருந்து உன்னை மடக்கினேன். இப்போது நீ பேசாமல் இருக்கிறாய், என்னால் தாங்க முடியவில்லை.

மருமகளோடு கோபித்துக் கதைக்காதே. வீட்டுக் கடன் கட்டுகிற திகதியைத் தவற விடாதே. தேவை என்றால் கடை விற்ற காசில் மிச்சம் இருக்கிறது, அது உன் காசுதான், நீ நின்று உழைத்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

ஒன்று கேட்கிறேன். ஆர்க்ரைட்டின் கடை டொன்காஸ்டரில் பால்பி என்கிற இடத்தில், லிஸ்டர் அவெனியூவில் எடுத்தது. உண்மையில் அது ஒரு சலூனாக இருந்தது, படப்பிடிப்புக்காகக் கடையாக மாற்றினார்கள். கிங்ஸ் கிராஸில் இருந்து லீட்ஸுக்கு வருகிற ரயில் டொன்காஸ்டரில் நிற்கும். உனக்கு லீட்ஸில் இருந்து கொஞ்ச நேரம்தான். நீ வீட்டுக்கு வரத் தேவையில்லை, நானும் உன் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேஷனில் சந்தித்து அந்தத் தெருவை ஒருக்கால் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அம்மா பிட்டும் சம்பலும் கட்டித் தருவாள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், கடிதத்தைக் கொண்டு வருவேன்.

சனி ஞாயிறுதான் என்றில்லை. புதன்கிழமை பகல் என்றாலும் எனக்குச் சரி. எந்த நாள் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா